பழைய கோப்பை அழிக்கும் முன் சப்டைட்டிலைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் பென்டிரைவோடு வந்தார். காது கேளாத தன் அம்மாவுக்காக, குடும்ப விழா வீடியோவில் யார் என்ன பேசுகிறார்கள் என்று வரிவரியாகத் தட்டச்சு செய்து, அவரே சப்டைட்டில் போட்டிருந்தார். அது எம்கேவி கோப்பு. டிவியில் ஓடவில்லை என்று ஏதோ ஒரு மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றியிருக்கிறார். படம் ஓடியது, சத்தம் கேட்டது. இடத்தை அடைக்கிறதே என்று பழைய கோப்பை அழித்துவிட்டார். அம்மா பார்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஒரு எழுத்துகூட வரவில்லை.

"எப்படியாவது எடுத்துத் தர முடியுமா?" என்றார். கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வீடியோ, ஒரு ஆடியோ, அவ்வளவுதான். ஒளிந்திருந்தால் எடுத்துவிடலாம். அதில் இல்லவே இல்லை.

வீடியோ மாற்றிக் கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் இழப்பு இதுதான். படம் கெட்டுப்போனால் உடனே கண்ணில் படும். சப்டைட்டில் போனால் அதைப் படித்தே தீர வேண்டியவருக்குத்தான் முதலில் தெரியும். பல மென்பொருள்கள் இதைப் பெரிய எச்சரிக்கையாகக் காட்டுவதும் இல்லை.

எம்கேவி, எம்பி4 எல்லாம் பெட்டிகள். உள்ளே படம், ஒலி, சப்டைட்டில் மூன்றும் தனித்தனித் தடங்களாக இருக்கும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் படம் எச்.264 என்ற முறையிலும் ஒலி ஏஏசி என்ற முறையிலும் சுருக்கப்பட்டிருந்தால், பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். தரம் துளியும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். இது தெரியாமல் மணிக்கணக்கில் மறுபடி என்கோட் செய்து, அதாவது படத்தைப் புதிதாகச் சுருக்கி, படத்தை மங்கலாக்கிக்கொள்பவர்கள் நிறைய. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது ஒவ்வொரு வகையிலும் அதிகபட்சம் ஒரு தடத்தைத்தான் எடுக்கும். மூன்று மொழி சப்டைட்டில் இருந்தால் குறைந்தது இரண்டு போய்விடும். எல்லாத் தடமும் வேண்டும் என்று 'மேப்' கட்டளையில் சொல்ல வேண்டும். எஸ்ஆர்டி (நேரமும் வரிகளும் மட்டும் உள்ள எளிய எழுத்துச் சப்டைட்டில்) தடத்தை எம்பி4 பெட்டிக்குள் அப்படியே போடவும் முடியாது. எம்பி4 ஏற்கும் சப்டைட்டில் வடிவத்துக்கு மாற்றித்தான் போட வேண்டும்.

டிவிடி, புளூரேயில் இருந்து வருபவை வேறு ரகம். அவற்றின் சப்டைட்டில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம். அதை எஸ்ஆர்டி ஆக்க, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் வேண்டும், அப்புறம் ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

"படத்தோடு ஒட்டிவிடுங்களேன், எங்கேயும் தெரியுமே" என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டினால் தெரியும், உண்மைதான். ஆனால் பிறகு அதை அணைக்க முடியாது, பார்வை மங்கியவருக்காக எழுத்தைப் பெரிதாக்க முடியாது, ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. அதனால் வேறு வழி இல்லாதபோதுதான் நான் ஒட்டுகிறேன். தமிழில் அந்த நிலை வருவதும் உண்டு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு 'க'வுக்கு முன்னால் தெரிகிறது. கோப்பிலோ 'க'வுக்குப் பின்னால்தான் பதிவாகிறது. அதை இடம் மாற்றிக் காட்டத் தெரியாத கருவிகள் கொம்பைப் பின்னால் தொங்கவிடும். தமிழ் எழுத்துருவே இல்லாத கருவியில் வெறும் கட்டங்கள் வரும். அந்தக் கருவிக்கென்று ஒரு நகல் ஒட்டிக் கொடுப்பேன், மூலத்தைத் தொடாமல்.

கட்டங்களுக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் பிரச்சினை வேறு. எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் திறந்து, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். வீடியோவின் பெயரையே அதற்கும் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் பல டிவிகள் தானாக எடுத்துக்கொள்ளும்.

நேரம் பிசகினால், எப்படிப் பிசகுகிறது என்று பாருங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே 2 வினாடி என்றால் மொத்தமாகத் தள்ளினால் போதும். போகப்போகக் கூடினால் பிரேம் வேகம், அதாவது ஒரு விநாடியில் ஓடும் படங்களின் எண்ணிக்கை, பொருந்தவில்லை. விநாடிக்கு 23.976 பிரேம் ஓடும் பதிப்புக்குச் செய்த சப்டைட்டிலை, அதையே 25 பிரேமுக்கு வேகமாக்கிய பதிப்பில் போட்டால், ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். அதைத் தள்ளிச் சரிசெய்ய முடியாது, வேகத்தையே மாற்ற வேண்டும்.

சோதிக்கும்போது தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் மூன்றையும் பாருங்கள். எந்த டிவியில், எந்தப் போனில் ஓடப்போகிறதோ அதிலேயே பாருங்கள். கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் ஏறக்குறைய எதையும் ஓட்டிவிடும், அதை வைத்து டிவியை எடைபோட முடியாது.

அந்தப் பெண் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தார். இந்த முறை எஸ்ஆர்டி கோப்பைத் தனியாக மூன்று இடங்களில் வைத்திருக்கிறார். மொத்தமும் 1 மெகாபைட்கூட வரவில்லை.