அட்வெந்து என்றால் காத்திருப்பு அல்ல

ஐப்பசி மழை பிடித்ததும் திருநெல்வேலிப் பக்கத்துப் பங்குகளில் கிறிஸ்மஸ் வேலை சூடு பிடித்துவிடும். அன்பியம் என்னும் பங்கின் சிறு குழுக் கூட்டங்களில் குடில் யார் கட்டுவது, கேரல் எந்தத் தெருவுக்கு எந்த நாள், பாடகர் குழுவில் புதுப் பிள்ளைகள் யார் என்று பேச்சு ஓடும். கூடவே ஒரு சொல்லும் வந்து சேர்ந்துகொள்கிறது: ‘காத்திருப்புக் காலம்’. முதலில் ஒரு தியான நூலில் பார்த்தேன். பிறகு மறையுரையில் கேட்டேன். பிறகு வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வந்தது. இப்போது கோயில் வாசலில் பிளக்ஸ் பலகையிலேயே ‘காத்திருப்பு காலம்’ என்று அச்சடித்து நிறுத்தியாகிவிட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அட்வெந்துக்குத் திருவருகைக் காலம் என்று ஒரு நல்ல பெயர் நம் திருவழிபாட்டில் வழங்கிவரும்போது அதைத் தள்ளிவிட்டு இதை ஏன் கொண்டுவருகிறோம்?

சொல்லின் பிறப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லத்தீனில் ‘வெனீரே’ என்றால் வருதல். அதன்முன் ‘நோக்கி’ என்னும் பொருள் தரும் ‘அத்’ சேர்ந்தால் ‘அத்வெனீரே’, அதாவது வந்து சேர்தல். அதன் பெயர்ச்சொல் ‘அத்வெந்துஸ்’, வருகை. அதுவே ஆங்கிலத்தில் அட்வென்ட் ஆகி, சீர்திருத்தச் சபைகளின் தமிழில் தவக்காலத்தைக் குறிக்கும் லெந்து என்ற சொல்லைப் போலவே அட்வெந்து என்று ஊன்றிக்கொண்டது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வருகையைக் குறிக்கும் ‘பருசியா’ வரும் இடங்களில் லத்தீன் விவிலியம் பெரும்பாலும் இந்த அத்வெந்துஸ் என்ற சொல்லையே போட்டது. வெனீரேயின் ‘வெ’யும் வருதலின் ‘வ’வும் ஒன்று என்று சிலர் வேர் காட்டுகிறார்கள். ஓசை ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஊழியம் செய்த இடையன்குடி இருக்கும் மண்ணில் நின்றுகொண்டு இப்படி வேர் தோண்டலாமா?

ரோமையர் வழக்கில் அத்வெந்துஸ் சும்மா வந்து போவதைக் குறிக்கும் சொல் அல்ல. பேரரசர் ஒரு நகருக்குள் முறைப்படி எழுந்தருளுவதற்கு அதுவே பெயர். ஊரே வாசலுக்குப் போய் எதிர்கொள்ளும். நம்மூரிலும் அமைச்சர் வருவார், ஆயர் வருவார். வண்ணார்பேட்டைப் பாலத்திலிருந்து ‘வருகை தரும்’ என்றுதான் பலகை கட்டுவோம். ஆக, வருகை என்ற தமிழ்ச்சொல் அத்வெந்துஸின் பொருளோடு அதன் பெருமிதத்தையும் சேர்த்தே தாங்குகிறது. வரு என்னும் வினையோடு கை என்னும் தொழிற்பெயர் விகுதி. செய்கை, வாழ்க்கை போல. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் என்னிடம் குறைபட்டார். அதற்குத்தானே முன்னால் திரு இருக்கிறது! திருப்பலி, திருமுழுக்கு, திருவிருந்து வரிசையில் திருவருகை.

இனிக் காத்திருப்புக்கு வருகிறேன். அதன் பக்கம் பேசுகிறவர்கள் வேதத்தைத்தான் காட்டுகிறார்கள். ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து’ என்று ஏசாயா சொல்லவில்லையா என்கிறார்கள். சொல்கிறார். யாக்கோபு நிருபம் இன்னும் ஒரு படி போகிறது: ‘கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்’ என்று தொடங்கி, பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் காத்திருக்கிறான் என்று காட்டுகிறது. இந்த வசனம் நம்மூரில் வாசிக்கப்படும்போது யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. நாங்குநேரியிலும் விஜயநாராயணத்திலும் குளத்தை நம்பிப் பிசான நெல் நடுகிறவர்கள் இதே மாதங்களில்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன? மழைக்காலம். விவசாயி நாற்றங்கால் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார், உண்மை. அதற்காகக் காத்திருப்புக் காலம் என்று யாரும் சொல்வதில்லை. வருவது எதுவோ அதன் பெயரே காலத்துக்கு ஆகிறது. யாக்கோபின் அதே வசனத்திலும் ‘கர்த்தர் வருமளவும்’ என்பதே முதலில் நிற்கிறது. காத்திருத்தல் அதைப் பற்றிக்கொண்டு பின்னால் வருகிறது.

அப்படியானால் தவக்காலம் என்கிறோமே, அது நாம் செய்யும் செயலால் வந்த பெயர்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அறுவடைக் காலமும் அப்படித்தான். நோன்பு இருப்பதும் மனம் திரும்புவதும் நம் பாடு. ஆகவே அந்த நாற்பது நாளுக்குத் தவக்காலம் என்ற பெயர் தகும். திருவருகைக் காலத்தில் செய்கிறவர் நாமல்ல. வருகிறவர் அவர். பெயரிலிருந்து அவரை எடுத்துவிட்டு நம்மை வைத்தால் எஞ்சுவது நம் மனநிலை ஒன்றுதான். இந்தப் பெயர்மாற்றத்தில் எனக்கு நெருடுவது இதுவே.

காத்திருப்பு என்ற சொல்லுக்கு இன்றைய தமிழில் இருக்கும் வாடையையும் பார்க்க வேண்டும். ரயில்வேயில் காத்திருப்போர் பட்டியல் என்றால் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். அரசு அலுவலரைக் ‘காத்திருப்போர் பட்டியலுக்கு’ மாற்றினார்கள் என்று செய்தி வந்தால் அவருக்குப் பணி இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். கையைக் கட்டி உட்கார்ந்திருத்தல், நிச்சயமின்மை, சில வேளை தண்டனை: இத்தனை சுமையும் அந்தச் சொல்லின் தோளில் ஏறிவிட்டது. விழிப்பாயிருங்கள் என்ற நற்செய்தியோடு தொடங்கும் ஒரு காலத்துக்கு இதையா சூட்டுவது?

அதைவிடப் பெரிய குறை, இந்தப் பெயர் காலத்தின் பாதியை வெட்டிவிடுகிறது. வந்துவிட்டவருக்காக யாரும் காத்திருக்க முடியாது. பெத்லகேமில் அவர் பிறந்தாகிவிட்டது. திருச்சபை இந்த நாள்களில் நினைவுகூர்வது அந்த முதல் வருகையையும், எதிர்நோக்குவது மாட்சியோடு வரப்போகும் இரண்டாம் வருகையையும். புனித பெர்நார்து இடையில் மூன்றாவதாக ஒன்றையும் சொன்னார்: இன்று நம் உள்ளத்தில் நிகழும் வருகை. நேற்று, இன்று, நாளை மூன்றுக்கும் வருகை என்ற ஒரே சொல் போதும். காத்திருப்பு நாளைக்கு மட்டும் பொருந்தும். ‘உம்முடைய வருகைக்கும், உலகத்தின் முடிவுக்கும் அடையாளம் என்ன?’ என்று மத்தேயுவில் சீடர்கள் கேட்பது பழைய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் சபையாருக்கு வருகை என்றதும் எது என்று தெரியும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் பெயரில் இருப்பதும் இந்த வருகையே. அவர்களைக் ‘காத்திருப்பாளர்’ என்று மொழிபெயர்த்தால் அவர்களே ஏற்கமாட்டார்கள்.

இன்னொரு போட்டிப் பெயர் ‘கிறிஸ்மஸ் ஆயத்தக் காலம்’. இதன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ‘கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள்’ என்ற திருமுழுக்கு யோவானின் குரல் இந்தக் காலத்துக்கு உரியதுதான். ஆனால் கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கில் டிசம்பர் 16 வரை இரண்டாம் வருகையின் நினைவே மேலோங்கி நிற்கும். 17 முதல் 24 வரையுள்ள எட்டு நாளே பிறப்பு விழாவுக்கு நேரடித் தயாரிப்பு. எட்டு நாளின் பெயரை முழுக் காலத்துக்கும் நீட்டக்கூடாது. அதோடு, சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் திருவிருந்துக்கு முன் நடக்கும் ‘ஆயத்த ஆராதனை’ அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. பெரியவர்கள் சிலர் சொல்லும் ‘ஆகமன காலம்’ பொருளில் துல்லியமானது; ஆனால் வடசொல். ஆதியாகமம், யாத்திராகமம் படித்த பிள்ளைகள் அதையும் பழைய ஏற்பாட்டு நூல் என்றே எண்ணுவார்கள். வருகை இருக்க ஆகமனம் எதற்கு?

இந்தக் குழப்பமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆங்கிலத் தியான நூல்களில் இந்தக் காலத்தை ‘காத்திருத்தலின் பருவம்’ என்று வருணிப்பார்கள். அது வருணனை, பெயர் அல்ல. நம் மொழிபெயர்ப்பாளர் வருணனையைப் பெயராக்கிவிடுகிறார். மூலத்தைத் திறந்து அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. நம் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதும் இல்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1826-இல் ஊசிக்கோபுரக் கோயிலைக் கட்டிய மிஷனரி ரேனியுஸ், வேதத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல் தமிழர் பேசும் நடையில் தரவேண்டும் என்று மன்றாடினார். அதே ஊரில் இருநூறு ஆண்டு கழித்து அச்சடிக்கும் துண்டுத்தாளில் அந்த அக்கறை காணாமல் போகலாமா? எங்கள் அன்பியத்தில் ஓர் ஆச்சி, டிசம்பர் பிறந்ததும் வீட்டு முற்றத்தைச் சாணி போட்டு மெழுகுவார். கேட்டால், “சேசு வாராருல்லா, வீடு இப்படியா கெடக்கும்?” என்பார். அவர் வாயில் வருவதும் ‘வருதல்’தான். எழுதுகிறவர்கள் அவரிடம் கேட்டிருக்கலாம்.

காலக்கணக்கு தெரியாததாலும் பெயர் குழம்புகிறது. நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. திருவழிபாட்டு ஆண்டும் அன்றே தொடங்குகிறது. ஞாயிறு எப்போதும் நான்கு, நாள்கள் மட்டும் கூடிக் குறையும். 2022-இல் நவம்பர் 27-இல் தொடங்கி 28 நாள் கிடைத்தது. 2023-இல் டிசம்பர் 3-இல் தொடங்கி 22 நாளே. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறே டிசம்பர் 24: காலையில் ஊதா அங்கி, அன்று இரவே கிறிஸ்மஸ் திருப்பலிக்கு வெள்ளை. டிசம்பர் முதல் தேதியிலேயே ‘கிறிஸ்மஸ் சீசன் தொடங்கிவிட்டது’ என்று அறிவித்து, 26-ஆம் தேதி நட்சத்திரங்களைக் கழற்றிவிடும் பழக்கம் எனக்கு ஏற்பில்லை. கிறிஸ்து பிறப்புக் காலம் 25-இல்தான் தொடங்குகிறது.

கடைசியாக, இந்தக் காலத்தில் மெழுகுதிரி ஏற்றும் வளையம். ஞாயிறுதோறும் ஒரு பெரிய மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் 1839-இல் ஜெர்மனியின் ஆம்பர்க் நகரில் விக்கெர்ன் என்ற இறையியலாளர் நடத்திய சிறுவர் இல்லத்தில் தொடங்கியது. அங்கே ஊசியிலை மரக் கொப்பு. எங்கள் பங்கில் சவுக்குக் கொப்பை வளைத்துச் சணலால் கட்டுகிறோம். மூன்று ஊதாத் திரி, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஸ். இதை ஓரிடத்தில் ‘அட்வென்ட் மாலை’ என்று எழுதியிருக்கிறார்கள். மாலை கழுத்துக்கு. இன்னோரிடத்தில் ‘மலர்வளையம்’. அது இறந்தவருக்கு வைப்பது! திருவருகை வளையம் என்று எழுதினால் போதும். பலகை எழுதுகிறவரிடம் இன்னும் ஒன்று: திருவருகையைப் பிரிக்க வேண்டாம், காலத்துக்கு முன் வரும் ‘க்’கை விட்டுவிட வேண்டாம். திருவருகைக் காலம். சி.எஸ்.ஐ. சபையார் அட்வெந்து என்று சொன்னால் சொல்லட்டும். அது பொருளைக் கெடுக்கவில்லை.