மழை இல்லை, வைப்பர் ஓடுகிறது

சிலி நாட்டில் சான்டியாகோவிலிருந்து அரிகா வரை பஸ்ஸில் போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லா செரேனா தாண்டி மலையேறும்போது விடியற்காலையில் டிரைவர் வைப்பரைப் போட்டார். வெளியே மழை இல்லை, வறண்ட பொட்டல்தான். ஆனால் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. எங்கிருந்து வந்தது?"

கடலிலிருந்துதான். அட்டகாமா பாலைவனம் பசிபிக் கரையிலேயே கிடக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஈரத்தை ஆண்டீஸ் மலை மறித்துவிடுகிறது. மேற்கே ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. அதனால் கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்குகிறது; மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. உயர எழும்பாத மேகம் மழையாவதில்லை. அரிகாவின் ஆண்டு சராசரி மழை 1 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஆனால் அந்த மூடிக்குக் கீழே மேகம் பரவி, கரையோர மலைகளில் மோதி மூடுபனியாகிறது. அங்கே அதற்குப் பெயர் கமன்சாக்கா.

சரி, இதைப் பிடிக்க முடியுமா? முடியும், ஒரு வலை போதும். நாற்றுப்பண்ணைகளில் வெயிலுக்குக் கட்டும் நிழல்வலை போன்றதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பஸ் சட்டென்று திரும்பினால், நின்றுகொண்டிருப்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள் இல்லையா? மூடுபனித் துளிக்கும் அதே கதிதான். வலையின் இழையைக் கண்டதும் காற்று வளைந்து விலகிவிடும். துளிக்கு எடை இருப்பதால் அது நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். தடித்த கம்பமாக இருந்தால் காற்று வெகுமுன்பே மெல்ல வளையத் தொடங்கும்; துளியும் கூடவே போய்விடும். இழை மெல்லியதாக இருந்தால் திருப்பம் சட்டென்று வரும், துளியால் திரும்ப முடியாது. அதனால் இழை மெலிய மெலியப் பிடிப்பு கூடும். சுவர் கட்டினால் காற்று மொத்தமும் சுற்றிக்கொண்டு போய்விடும். வலைக்கு ஓட்டை வேண்டும். ஒட்டிய துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, இழையோடு இறங்கி, அடியில் கட்டிய குழாயில் சொட்டும்.

வாசகியின் பஸ் ஏறிய மலைக்குப் பக்கத்திலேயே எல் தோஃபோ என்ற பழைய இரும்புச் சுரங்கம் இருக்கிறது. 1987-இல் அங்கே இப்படி வலைகள் கட்டினார்கள். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் கிடைத்தது. 1992-இல் கீழே கடற்கரையிலுள்ள சுங்குங்கோ கிராமத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அதுவரை லாரித் தண்ணீர்தான். வீடுகளில் தோட்டம்கூடப் போட்டார்கள்.

அப்புறம் வலைகள் கிழிந்தன. பத்து வருடம் போல ஓடிய திட்டம் பராமரிப்பு இல்லாமல் நின்றது. ஊர் மறுபடி லாரிக்கே திரும்பியது. புதிதாகக் கட்ட நிதி தருபவர்கள், கிழிந்ததைத் தைக்க ஓர் ஆளுக்குச் சம்பளமும் சேர்த்துத் தந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கமன்சாக்கா இன்றைக்கும் அந்த மலைமேல் வந்துகொண்டுதான் இருக்கிறது.