கொன்றைக்குத் தாகம் வேண்டும்

பங்குனி பிறந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். 18 ஆண்டுகள் ஆகின்றன. அழைப்பவர்கள் வெவ்வேறு, பேச்சு ஒன்றுதான். "சார், தை மாதம் வாங்கி வைத்த செடியெல்லாம் கருகுகிறது. இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறோம்." என்ன செடி என்று கேட்பேன். பெட்டூனியா, டயாந்தஸ், ஹைட்ராஞ்சியா என்று பட்டியல் வரும். ஓசூர், பெங்களூருப் பக்கத்துக் குளிர்ச்சியில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்து, பூவோடு லாரி ஏறி வந்தவை அவை. நம் ஊர்ப் பங்குனி வெயிலில் குடம் குடமாக ஊற்றினாலும் அவை நிற்காது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம்தான். ஆறுதலாகப் பேசி இன்னொரு தொட்டி விற்பதைவிட வருத்தம் மேல்.

வெயில் காலத்தில் நம் ஊரில் பூவே இல்லை என்று இவர்களே சொல்வதுதான் எனக்கு வேடிக்கை. அதே தெருவில் வேம்பு பூத்து, வாசல் தெளித்த ஈரத்தில் உதிர்ந்து கிடக்கும். புங்க மரத்தடியில் பொரி இறைத்ததுபோல் பூ சிதறியிருக்கும். பின்கட்டில் கறிவேப்பிலை கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ விட்டிருக்கும். கடையில் விலைச்சீட்டு கட்டி வைக்காததால் இவையெல்லாம் கண்ணில் படுவதில்லை.

கொன்றைக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலை ஒட்டிப் புல்தரை, அதன் ஓரத்தில் நெடுநெடுவென்று ஒரு சரக்கொன்றை. இலை கரும்பச்சையாகப் பளபளத்தது. "பத்து வருடம் ஆகிறது தம்பி, ஒரு பூ கூட நான் பார்க்கவில்லை. மலட்டு மரமோ என்னவோ, வெட்டிவிடலாமா?" என்றார். மரத்தடி மண்ணை விரலால் கிளறினேன்; சித்திரை மாதத்தில், நடுப்பகலில், சேறு ஒட்டியது. புல்லுக்காகப் போட்ட தெளிப்புக் குழாய் தினமும் காலையும் மாலையும் கொன்றைக்கும் சேர்த்து ஊட்டிக்கொண்டிருந்தது. புல்லுக்குப் போடும் யூரியாவும் அப்படியே.

கொன்றை வறட்சியைப் பார்த்துப் பழகிய மரம். மாசி, பங்குனியில் மண் காய வேண்டும். இலை பழுத்து உதிர வேண்டும். அதன் பிறகுதான் மொட்டைக் கிளையிலிருந்து சரம் இறங்கும். ஈரமும் தழைச்சத்தும் குறையாமல் கிடைத்துக்கொண்டிருந்தால் அது இலை விட்டுக்கொண்டே சுகமாக இருந்துவிடும். அந்தக் குழாயைத் திருப்பி வைத்து, அடுத்த தை முடிந்ததும் மரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மாசியில் இலை கொட்டத் தொடங்கியதும் அந்த அம்மா மூன்று முறை அழைத்தார். "பட்டுப்போகிறது தம்பி" என்றார். ஒரு நாள் மனம் பொறுக்காமல் இரண்டு குடம் ஊற்றிவிட்டதையும் பிறகு ஒப்புக்கொண்டார். சித்திரை இரண்டாம் வாரம் நான்கு சரம் வந்தது. நான்கே நான்குதான். மறு ஆண்டு எண்ண முடியவில்லை. தண்ணீர் ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். விதையிலிருந்து வந்த கொன்றை பூக்கவே பல ஆண்டு பிடிக்கும், அந்த மரத்துக்கும் வயது கூடியிருந்தது. ஆனால் தண்ணீரை நிறுத்தியதால் பட்டுப்போன கொன்றையை, அதாவது வேரூன்றிய மரத்தை, நான் இதுவரை பார்த்ததில்லை.

சங்கப் புலவர்கள் கொன்றையைக் கார்காலத்தோடு சேர்த்துப் பாடினார்கள். இன்று நம் தெருக்களில் அது சித்திரையின் பூ. மழைக்குப் பிறகு சில மரங்கள் இரண்டாம் முறை கொஞ்சம் பூப்பதுண்டு. இந்தக் கணக்கைப் பற்றித் தமிழாசிரியர்களிடம் பேசினால் பொழுது போவதே தெரியாது.

இதைப் படித்துவிட்டு மல்லிகைக்கும் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். குண்டுமல்லி வெயிலையும் கேட்கும், தண்ணீரையும் கேட்கும். தொட்டியில் இருந்தால் காலை எட்டு மணிக்குள் நன்றாக ஊற்றி, மேல்மண்ணைக் காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ போட்டு மூடிவிட வேண்டும். மூடாக்கு போட்ட தொட்டிக்கும் போடாத தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மாலையில் விரல் விட்டுப் பார்த்தாலே தெரியும். "இலைதான் வருகிறது, பூ வரவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் கவாத்தைத் தவறவிட்டவர்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். மல்லிகை புதுத் தளிரின் நுனியில் பூப்பது. பழைய குச்சியைக் கட்டிக் காத்துப் பயனில்லை. வெட்டினால் மார்ச்சிலிருந்து ஜூன் வரை கை நிறையப் பறிக்கலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையைப் பேசும் பல வீடுகளில் அந்தக் கத்தரிக்கோல் துருப்பிடித்துக் கிடக்கிறது.

வெட்சியில் வேறு சிக்கல். இட்லிப்பூ என்றால் எல்லோருக்கும் தெரியும். நம் தென்னாட்டுச் செடிதான், ஆனால் நர்சரியில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் சிற்றிலைக் குட்டை ரகங்கள். கேட்டு வாங்குங்கள்: இலை பெரிதாக, ஆளுயரத்துக்கு வளரும் பழைய சிவப்பு வெட்சி. அதன் பூக்குழாய் ஊசிபோல் நீண்டிருக்கும். தேன் அடியில் இருக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகள் வெயில் ஏறுமுன் வந்து நிற்பதைப் பார்க்கலாம். போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதன் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உடனே ஒரு மூட்டை உரம் வாங்கி வருகிறார்கள். அது பசி அல்ல, இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாத நிலை. மல்லிகைக்கும் இதே நோய் வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கலந்து, இலை பச்சையாகும் வரை மாதம் ஒருமுறை வெயில் தாழ்ந்ததும் தெளிப்பது வழக்கம்.

மருந்து அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒன்று ஒட்டியிருக்கும். தொட்டால் தலைப்பக்கம் சிவந்த கொம்பு நீட்டி, மூக்கைத் துளைக்கும் வாடை விடும். சில நாளில் பச்சையாகிவிடும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. நான்கு இலை போகும், அவ்வளவுதான். மரம் மீண்டும் தளிர்க்கும். ரசத்துக்குப் பறிக்கும் செடியில் விஷம் அடித்துவிட்டு, தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று என்னிடம் கேட்கும் வீடுகள் உண்டு. இடம் சிறிதாக இருப்பவர்கள் கொன்றைக்குப் பதில் ஆவாரை வைக்கலாம். அதே மஞ்சள், இடுப்பளவு புதர், கேட்பாரற்ற மண்ணிலும் பூக்கும். அதன் இலையையும் புழு தின்னும். தின்னட்டும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவன்: அரளி. கோடையில் நெடுஞ்சாலை நடுவே அது பூத்துக் குலுங்குவதைப் பார்த்து வீட்டுக்கும் கேட்கிறார்கள். இலை, பூ, பால், குச்சி எல்லாமே நஞ்சு. மஞ்சள் பூ விடும் தங்க அரளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது; அதன் காயைக் குழந்தைகள் விளையாட எடுப்பார்கள், உள்ளிருக்கும் விதை கொடிய நஞ்சு. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் பிரசாதத்தில் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. சிறு குழந்தைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டில் நான் அரளி நடுவதில்லை. ஏற்கெனவே இருந்தால் கையுறை போட்டு வெட்டச் சொல்வேன், வெட்டியதை எரிக்கக் கூடாது, புகையும் ஆகாது. யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும், செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு.

நாட்டுச்செடி நடுவதற்குச் சித்திரை ஏற்ற மாதம் அல்ல. பூவைப் பார்த்ததும் ஆசை வரும், உடனே குழி வெட்டச் சொல்வார்கள். கத்திரி வெயிலில் நட்ட கன்று ஆவணி வரை பிழைப்பதே பெரும்பாடு. முதல் மழை இறங்கியதும் நட்டால் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். வரும் ஆண்டு தண்ணீர்க் கவலை பாதி தீர்ந்தது. அந்த ஆசிரியை போன மாதம் ஒரு முழம் நீளக் கொன்றைக்காய்கள் ஐந்தாறு கொடுத்தனுப்பினார். விதையின் ஓரத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்துப் பைகளில் போட்டிருக்கிறேன். வேண்டுமென்று கேட்பவர்களிடம் ஆடி கழிந்து அழையுங்கள் என்கிறேன். பாதிப் பேர் அதற்குள் மறந்துவிடுகிறார்கள்.