ஜாடியின் பழுப்பைத் துடைக்கச் சொல்லாதீர்கள்

பழைய காகிதச் சித்திரங்களைச் செப்பனிடுவது என் தொழில். இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக, ஒருவர் நீர்வண்ணச் சித்திரம் ஒன்றை என் மேசையில் விரித்து, "இந்தப் பழுப்புக் கறையை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று கேட்டார். சித்திரத்தில் இருந்தது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஜாடி. நம் ஊறுகாய் ஜாடியைப் போலக் கடும் வெப்பத்தில் சுட்டு இறுகிய வகை. தோளில் ஒரு நீலப் பறவை, அதன் கீழே அந்தக் "கறை". உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஓவியர் நுண்தூரிகையால் அடுக்கடுக்காகத் தீட்டிய கோடுகள் தெரிந்தன. சூளையில் போடும் உப்பின் ஆவி பட்டுத்தான் இவ்வகை ஜாடிக்கு மெருகு ஏறும்; பக்கத்து ஜாடி ஒட்டி நின்றதால் அந்த ஆவி எட்டாமல், மெருகு ஏறாமல் போன இடம் அது. அதைத்தான் அவர் அப்படியே வரைந்திருக்கிறார்.

இத்தகைய சித்திரங்கள் வெறும் நகல்தானே, ஒரு புகைப்படம் போதாதா என்று கேட்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போகிறது. 1935 முதல் 1942 வரை, பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்கு அமெரிக்க அரசு ஊதியம் கொடுத்து, நாட்டுப்புறக் கைவினைப் பொருள்களை இப்படி வரையச் செய்தது. 'இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்' எனப்படும் அந்தத் தொகுப்பின் 18,000க்கும் மேற்பட்ட சித்திரங்கள் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன. என் மேசைக்கு வந்ததும் அந்தப் பாணியில் வரையப்பட்டதே. குயவர் நீலம் தரும் கோபால்ட் கரைசலைத் தொட்டு விறுவிறுவென்று இழுத்துவிட்ட பறவையை, ஓவியர் உட்கார்ந்து நிதானமாக வரைகிறார்; நீலம் தேங்கிய இடம் ஏறக்குறையக் கருப்பாகவும், கை வேகமாக நகர்ந்த இடம் சாம்பல் கலந்த நீலமாகவும் வர வேண்டும். உப்பு மெருகு ஆரஞ்சுத் தோலைப் போலச் சொரசொரப்பானது என்பதால், ஒவ்வொரு புள்ளிக் குழியிலும் படும் ஒளியையும் காட்ட வேண்டும். நாட்டுப்புறக் கலை குயவருடையது. சித்திரம் பயிற்சி பெற்ற கையின் வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

ஜாடியின் நீலம் நெருப்பில் வெந்தது, வெயிலில் வைத்தாலும் மங்காது. சித்திரத்துக்கு அந்தத் தைரியம் கிடையாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிறத்தைத் தின்றுவிடும் என்பதால்தான் அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவு மங்கிய ஒளியோடு நிறுத்திக்கொள்கின்றன. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். காகிதம் கண்ணாடியைத் தொடாதபடி, அமிலமில்லாத அட்டை வைத்துச் சட்டமிடுங்கள். ரப்பரையோ ஈரத் துணியையோ எடுக்கும் முன், தயவுசெய்து ஒரு முறை உருப்பெருக்கியில் பாருங்கள்.

வந்தவரின் சித்திரத்தில் உண்மையான கறையும் இருந்தது, மேல் விளிம்பில்: யாரோ ஒட்டிய செலோடேப்பின் பசை. அதை முடிந்த அளவு எடுத்துவிட்டு, ஜாடியை அதன் பழுப்போடு திருப்பிக் கொடுத்தேன்.