குரூஸ் என்றால் சொகுசா? கடலுலா என்ற சொல்லுக்காக

‘அழைப்புத் துறைமுகங்கள்’, ‘தொலைநிலைத் தீவு நிறுத்தங்கள்’, ‘உல்லாசக் கப்பல் பயணம்’. மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தன. தென் பசிபிக்கிலும் தென் அட்லாண்டிக்கிலும் ஆள் நடமாட்டம் குறைந்த தீவுகளைத் தொட்டுக்கொண்டு மாதக்கணக்கில் போகும் ஒரு குரூஸ் பற்றிய தமிழ்க் குறிப்பு அது. முதல் இரண்டையும் மொழிபெயர்ப்பு எந்திரத்தின் கைவேலை என்று ஒதுக்கிவிடலாம். மூன்றாவதை அப்படி ஒதுக்க முடியவில்லை. அதை மனிதர்களே எழுதுகிறார்கள், திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ‘உல்லாசம்’ வேண்டாம் என்று நினைப்பவர்கள் ‘சொகுசுக் கப்பல்’ என்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து.

‘குரூஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘குருக்ஸ்’ என்றால் சிலுவை. டச்சு மொழியில் அது ‘கிரௌஸ்’ ஆகி, அதிலிருந்து ‘கிரௌசன்’ என்ற வினை பிறந்தது. ஒரு கடற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வருவது என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. எதிரிக் கப்பலைத் தேடி ஒரு வட்டாரத்தையே சுற்றிச் சுற்றி வரும் போர்க்கப்பலுக்குத்தான் முதலில் பயன்பட்டது. ‘குரூசர்’ என்ற போர்க்கப்பல் வகையின் பெயரும் அதன் வழியில் வந்ததே. அதே இலத்தீன் வேர் போர்த்துக்கீசியர் வழியாக ‘குருசு’ என்று தமிழுக்கும் வந்திருக்கிறது. சிலுவை நிறுவிய சிறு வழிபாட்டிடத்தைக் குறிக்கும் குருசடி என்ற சொல்லிலும், கடலோர ஊர்களில் வழங்கும் குரூஸ் என்ற குடும்பப் பெயரிலும் இருப்பது அதுதான். ஆக, நாம் அந்நியம் என்று நினைக்கிற குரூசுக்குத் தூரத்து உறவு ஒன்று ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது.

இந்தப் பிறப்பில் சொகுசுக்கு எங்கும் இடமில்லை. போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்றும் இல்லை. சுற்றி வருவது மட்டுமே இருக்கிறது.

இன்பப் பயணம் என்ற பொருள் பின்னால் ஒட்டியது. 1844-இல் பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் மத்தியதரைக் கடல் பகுதிக்குச் சுற்றிப் பார்க்கவென்றே ஆட்களை ஏற்றிச் சென்றது. 1891-இல் ஜெர்மனியில் ஒரு கப்பல் நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராமல் சும்மா நின்ற ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். இதற்கென்றே கட்டிய முதல் கப்பலாகச் சொல்லப்படும் ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’ 1900-இல் வந்தது. 1922-இல் புறப்பட்ட ‘லக்கோனியா’ உலகையே சுற்றி வந்தது.

பாலின் செய்ததில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. அதே கப்பல், அதே அறைகள், அதே சாப்பாட்டு மேசைகள். கோடையில் ஹாம்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு ஆட்களைக் கொண்டுபோனபோது அது லைனர். அதாவது ஒரு தடத்தில், ஒரு கால அட்டவணைப்படி, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும் கப்பல். குளிர்காலத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும்படி சுற்றியபோது அது குரூஸ். கப்பலின் சொகுசு கூடவுமில்லை, குறையவுமில்லை. செலுத்திய முறை மாறியது, பெயரும் மாறியது.

இந்த வேறுபாட்டைத் தமிழில் அடியோடு அழித்துவிட்டது ‘சொகுசுக் கப்பல்’தான். டைட்டானிக்கை எப்படி எழுதுகிறோம்? ‘டைட்டானிக் சொகுசுக் கப்பல்’. அது நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த லைனர். அஞ்சல் மூட்டைகளையும் சுமந்து சென்ற கப்பல். அதில் போன பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள். பலர் பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்தவர்கள். அவர்களையும் சேர்த்துச் ‘சொகுசு’க்குள் அடைத்துவிட்டோம். இன்று அதே சொல்லைக் கரீபியத் தீவுகளைச் சுற்றிவரும் கப்பலுக்கும், செல்வந்தர் ஒருவரின் சொந்தப் படகுக்கும் போடுகிறோம். மூன்றும் வெவ்வேறு. வாசகனுக்கு ஒன்றுதான் தெரிகிறது: உள்ளே மெத்தை நன்றாக இருக்கும்.

‘சொகுசு’ தெலுங்கின் ‘சொகசு’ வழியாக வந்த சொல். அங்கே அழகு, ஒயில் என்று பொருள். தமிழில் வசதியின் அளவுகோலாகிவிட்டது: சொகுசுப் பேருந்து, சொகுசு கார், சொகுசு விடுதி. அந்தச் சொல்மேல் எனக்கு வெறுப்பில்லை. வசதியைச் சொல்ல அது நல்ல சொல். ஆனால் சொகுசுப் பேருந்து என்றால் பேருந்து எங்கே போகிறது என்று தெரியுமா? தெரியாது. கப்பலுக்கும் அப்படித்தான். குரூஸ் என்பது ஒரு பயண முறையின் பெயர். சொகுசு என்பது இருக்கையின் தரம்.

‘உல்லாசம்’ இன்னும் சிக்கல். வடமொழியில் ஒளிர்வு, மலர்ச்சி, களிப்பு என்றெல்லாம் பொருள் தரும் அழகான சொல். இலங்கைத் தமிழில் ‘உல்லாசப் பயணி’ என்றால் சுற்றுலாப் பயணி, அவ்வளவுதான். அங்கே அது கண்ணியமாகவே வழங்கிவந்திருக்கிறது. தமிழ்நாட்டு நாளிதழ்களின் குற்றச் செய்திகளோ ‘உல்லாசமாக இருந்தனர்’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளை ஏற்றிவிட்டன. ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் தொலைவுத் தீவுகளைப் பார்த்துவரப் போகிறார்கள் என்ற செய்திக்கு ‘உல்லாசக் கப்பலில் தம்பதி’ என்று தலைப்பிட்டால் வாசகன் எதை எதிர்பார்த்து உள்ளே வருவான்? தூய்மை பற்றிய பேச்சே இங்கு வேண்டியதில்லை. சொல் கறைபட்டுவிட்டது, தெளிவு போய்விட்டது என்பதே போதும்.

இந்தச் சொற்கள் எவ்வளவு பொருந்தாதவை என்பது தொலைவுத் தீவுப் பயணங்களில்தான் பளிச்சென்று தெரியும். சிலியின் கரையிலிருந்து ராப்பா நூயி, அதாவது ஈஸ்டர் தீவு, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அங்கிருந்து பிட்கேர்ன் தீவு இன்னும் 2,000 கிலோமீட்டருக்கு மேல். நாள்கணக்கில் தண்ணீர் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. பிட்கேர்னில் பெரிய கப்பல் ஒட்டி நிற்க இடமே இல்லை. 1790-இல் பவுன்ட்டி கப்பலில் கலகம் செய்தவர்கள் வந்து குடியேறிய அந்தத் தீவில் இன்று இருப்பவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். கப்பல் தள்ளி நிற்க, தீவு மக்கள் நீண்ட படகுகளில் அலையைக் கிழித்துக்கொண்டு வந்து, கப்பலில் ஏறி, மரச் செதுக்கல்களையும் தேனையும் அஞ்சல்தலைகளையும் மேசையில் பரப்பி விற்றுவிட்டு இறங்கிப் போவார்கள். பயணிகள் தீவில் கால் வைக்காமலே தீவைப் பார்த்துத் திரும்புவது அங்கே சாதாரணம். தென் அட்லாண்டிக்கிலுள்ள திரிஸ்தான் டா குன்யா தீவும் அப்படித்தான். மனிதர் வாழும் அடுத்த இடமான செயின்ட் ஹெலினா தீவு 2,400 கிலோமீட்டருக்கு அப்பால். கடல் பொங்கினால் கரையிறங்குவது கிடையாது. அவ்வளவு தூரம் வந்தது வந்ததுதான்.

செயின்ட் ஹெலினாவின் ஜேம்ஸ்டவுனில் கரையிறங்கும் படிக்கட்டைப் பாருங்கள். படிக்கு மேலே ஒரு சட்டத்திலிருந்து கயிறுகள் தொங்குகின்றன. படகு அலையில் ஏறும், இறங்கும். ஏறுகிற கணத்தில் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஈரமான கல்படியில் கால் வைக்க வேண்டும். தாமதித்தால் படகு காலுக்குக் கீழே இறங்கிவிடும். கையில் கயிற்றின் நார் உறுத்த, செருப்பில் உப்புத்தண்ணீர் ஏற, அங்கே இறங்கும் ஒருவரிடம் நீங்கள் வந்திருப்பது சொகுசுப் பயணம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் வந்தது சொகுசுக்காக அன்று. அந்த நீண்ட கடலுக்காகவும் அதன் நடுவிலுள்ள தீவுகளுக்காகவும் வந்திருக்கிறார்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘கடற்செலவு’ என்பார்கள். செலவு என்றால் செல்லுதல். தலைவன் பிரிந்து செல்லாமல் தயங்குவதைச் ‘செலவழுங்கல்’ என்றது நம் அக இலக்கணம். சொல் பழையது, மரபுள்ளது. ஆனால் இன்று ‘கடற்செலவு எவ்வளவு?’ என்று கேட்டால் கடலில் எவ்வளவு பணம் கரைந்தது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். பழம்பொருள் திரும்பி வரட்டும் என்று சொல்லை வாசகன் தலையில் சுமத்தக் கூடாது. ‘கப்பல் சுற்றுலா’வை நான் எதிர்க்க மாட்டேன், பேச்சில் அது நன்றாகவே புரிகிறது. ‘கடல் சுற்றுலா’ மட்டும் வேண்டாம். கடற்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் படகில் ஏறி இறங்குவதும் அதில் அடங்கிவிடும்.

என் சொல் கடலுலா. இதற்கென்று போகும் கப்பல் உலாக் கப்பல்.

உலா என்பது புறப்பட்டுச் சுற்றிப் பார்த்துத் திரும்புவது. நம் இலக்கியத்தில் உலா என்று ஒரு சிற்றிலக்கிய வகையே இருக்கிறது. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா அதில் முதலாவது. தலைவன் மாளிகையை விட்டுப் புறப்பட்டு வீதிகளில் பவனி வருவான். ஓரிடத்துக்குப் போய்ச் சேருவது அவன் நோக்கமாக இருப்பதில்லை. வருவதும் காண்பதும் காணப்படுவதுமே நோக்கம். டச்சுக்காரர் குறுக்கும் நெடுக்கும் என்றதை நாம் உலா என்று எப்போதோ சொல்லிவிட்டோம். ‘சுற்றுலா’வின் பின்பாதியும் இதுதான் என்பதால் படிப்பவருக்குப் புதுச்சொல் என்ற திகைப்பும் வராது.

கிளைச் சொற்களும் சிரமமில்லாமல் பிறக்கின்றன. ஆற்றில் போனால் ஆற்றுலா. கரையை விட்டு விலகாமல் போனால் கரையோர உலா. பெருங்கடல் கடந்து போனால் நெடுங்கடலுலா. ‘நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும்’ என்ற குறளில் நிற்கிற அதே நெடுங்கடல். இதே இடங்களில் ‘உல்லாச’த்தை வைத்துப் பாருங்கள்: உல்லாச ஆற்றுக் கப்பல் பயணம், உல்லாசப் பெருங்கடல் கப்பல் பயணம். ஒவ்வொன்றும் ஒரு சரக்கு ரயில். உலா அரசனுக்கும் இறைவனுக்கும் உரியது, கப்பலுக்கு எப்படி என்று ஒரு நண்பர் கேட்டார். தென்றல் உலவுகிறது, நிலா உலவுகிறது. அரண்மனையோடு நின்றுபோன சொல் இல்லை அது.

மற்றச் சொற்களுக்கும் வருகிறேன், ஏனென்றால் தவறு ஒன்றோடு நிற்பதில்லை. ‘போர்ட் ஆஃப் கால்’ என்பதை ‘அழைப்புத் துறைமுகம்’ என்கிறார்கள். யார் யாரை அழைக்கிறார்கள்? அங்கே ‘கால்’ என்றால் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது. இடைத்துறை என்றால் முடிந்தது. ஏறுகிற இடம் ஏறுதுறை, முடிகிற இடம் இறங்குதுறை. ‘தீவு நிறுத்தம்’ என்று எழுதும்போது பேருந்து நினைவு வருகிறது. தீவுத்துறை என்று எழுதலாம். துறைமுகம் கட்டப்படாத பிட்கேர்ன் போன்ற இடத்துக்கும் துறை என்ற சொல் பொருந்தும், துறைமுகம் பொருந்தாது.

எல்லாவற்றையும் விட மோசம் ‘டெண்டர்’. பெரிய கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களைக் கொண்டுபோய் விடும் சிறு படகு அது. ஆங்கிலத்தில் ‘அட்டெண்டர்’ என்பதன் குறுக்கம். பெரிய கலத்துக்குப் பணிவிடை செய்வது. அதை ‘ஒப்பந்தப்புள்ளிப் படகு’ என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். எந்திரம் செய்தது என்றாலும், வெளியிடும் முன் ஒரு மனிதர் ஒருமுறை படித்திருக்க வேண்டாமா? ‘கலந்தந்த பொற்பரிசம் கழித்தோணியாற் கரைசேர்க்குந்து’ என்று முசிறியைப் பாடுகிறது புறநானூறு 343. பெருங்கலம் கொண்டுவந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரை சேர்க்கின்றன. டெண்டர் செய்கிற வேலையேதான் அது. கரைத்தோணி என்று சொல்லிவிட்டுப் போவதற்கு நமக்கு எந்தத் தடையும் இல்லை. மலாய்க்காரர் ‘கபல்’ என்று நம் கப்பலைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவு கடற்சொல் வளம் உள்ள மொழியில் எழுதுகிறவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மறுப்பு மட்டும் மதிக்கத்தக்கது. எல்லாக் குரூசும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதில்லையே? உண்மை. உலகைச் சுற்றும் உலாவில் பாதியில் ஏறிப் பாதியில் இறங்குபவர்கள் உண்டு. அங்கே கப்பல்தான் உலாப் போகிறது, பயணி அதில் ஒரு கட்டத்தில் சேர்ந்துகொள்கிறார். பருவம் மாறும்போது மத்தியதரைக் கடலிலிருந்து கரீபியத்துக்கு இடம்பெயரும் கப்பல்களும் ஆள் ஏற்றுகின்றன. அதை ஒருவழி உலா எனலாம். மாறாக, 1990 முதல் 2018 வரை கேப் டவுனுக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் இடையே ஓடிய ‘ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா’வை உலாக் கப்பல் என்று எழுதக் கூடாது. சுற்றிப் பார்க்க வந்தவர்களும் அதில் ஏறினார்கள். ஆனால் அது தீவுக்கு அஞ்சலும் சரக்கும் ஊர்திரும்பும் மக்களும் போய்ச் சேர ஓடிய கப்பல்; லைனர் என்பதைத் தமிழில் சொல்லும் தடக்கப்பல் என்பதே அதற்குச் சரி.