துப்பாக்கியைச் சுட்ட வாத்து

டிவி கேம் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் துப்பாக்கியின் விசையை அழுத்தினால் குழலில் இருந்து எதுவுமே வெளியே போவதில்லை. குண்டு கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒளிக்கதிர்கூடக் கிடையாது என்றால்தான் பலர் நம்ப மறுப்பார்கள். குழலுக்குள் இருப்பது ஒரு கண், அவ்வளவே. திரையில் பறக்கும் வாத்துதான் அந்தக் கண்ணை நோக்கி ஒளியை வீசுகிறது. சுடுவது வாத்து, சுடப்படுவது துப்பாக்கி.

தொடக்கத்தில் இது நேர்மாறாகத்தான் இருந்தது. சிகாகோவில் ஜூக்பாக்ஸ் தயாரித்த சீபர்க் நிறுவனம் 1936-ல் 'ரே-ஓ-லைட்' என்ற காசு போட்டு ஆடும் பொறியை வெளியிட்டது. அதிலும் இலக்கு வாத்துதான். துப்பாக்கிக்குள் விளக்கு, நகரும் வாத்தின் உடலில் ஒளியை உணரும் வெற்றிடக் குழாய். ஒளி சரியாகப் போய் விழுந்தால் குழாயில் மின்னோட்டம் பாய்ந்து வாத்து வீழும்.

அந்த வெற்றிடக் குழாய்க்குப் பதிலாக ஒரு சிறு சூரிய மின்கலத்தை வைத்தால் பொம்மை வீட்டுக்குள் வந்துவிடும். 1970-ல் ஜப்பானில் நடந்தது இதுதான். அப்போது சீட்டுக்கட்டும் பொம்மைகளும் விற்றுக்கொண்டிருந்தது நின்டெண்டோ. ஷார்ப் நிறுவனத்தில் இருந்து சூரிய மின்கலத்தோடு வந்தவர் மசாயுகி உயெமுரா. பொம்மை வடிவமைப்பில் இருந்தவர் குன்பெய் யோகோய். மின்கலத்தை மின்சாரம் எடுப்பதற்காக அல்லாமல் ஒளி விழுந்ததா இல்லையா என்று அறியும் உறுப்பாக மட்டும் பயன்படுத்தினார்கள். துப்பாக்கியின் விளக்கு ஒரு நொடிக்கும் குறைவாக மின்னும். அது கலத்தில் பட்டால் பொம்மைப் பாட்டில் துண்டுதுண்டாகச் சிதறும். 'கோசென்ஜூ' என்று பெயர், அதாவது ஒளிக்கதிர்த் துப்பாக்கி. 1973-ல் இதையே பெரிதாக்கி, ஆளில்லாமல் கிடந்த பௌலிங் கூடங்களில் லேசர் களிமண் தட்டுச் சுடும் அரங்குகளைத் திறந்தார்கள். அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்து அந்தத் தொழிலைக் கவிழ்த்துவிட்டது. 1976-ல் சுவரில் வாத்து உருவத்தை ஒளியாக ஓடவிட்டுச் சுடும் பொம்மை வந்தது. பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்த 'டக் ஹண்ட்' என்ற பெயர் முதலில் அதற்கு வைக்கப்பட்டதுதான்.

டிவிக்கு வரும்போது இந்த வழி முட்டிக்கொள்கிறது. கண்ணாடித் திரை முழுக்க மின்கலம் ஒட்ட முடியாது. ஆனால் டிவியே ஒரு விளக்கு. எனவே விளக்கையும் கண்ணையும் இடம் மாற்றிவிட வேண்டியதுதான். இந்த யோசனை விளையாட்டுக்காரர்களுடையது அல்ல. 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரேடார் திரையில் தெரியும் விமானப் புள்ளியைத் தேர்ந்தெடுக்க ஒளி உணரும் துப்பாக்கியைத்தான் பயன்படுத்தினார்கள். விளையாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் ரால்ஃப் பேர் (Baer) என்ற பொறியாளர். 1972-ல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி என்ற டிவி கேம் பெட்டிக்கு நீளத் துப்பாக்கி ஒன்று தனியாக விற்கப்பட்டது. திரையில் நகரும் வெள்ளைப் புள்ளியைக் குறிவைத்து விசையை அழுத்தும்போது உணரியில் வெளிச்சம் இருந்தால் புள்ளி மறையும். குறை என்னவென்றால், எந்த வெளிச்சமானாலும் அதற்குச் சம்மதம். கூரையில் எரியும் பல்பைச் சுட்டாலும் வெற்றிதான்.

அந்த ஓட்டையை அடைத்ததில்தான் நின்டெண்டோ பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. 1984-ல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வந்த டக் ஹண்ட் ஆட்டத்தில், விசையை அழுத்திய அடுத்த கணம் ஆட்டம் நின்று, திரை முழுவதும் ஒரு பிரேம் (திரை ஒரு முறை வரையப்படும்) நேரத்துக்குக் கறுப்பாகிறது. அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் நொடிக்கு 60 பிரேம். ஆகவே ஒரு பிரேம் 16.7 மில்லி விநாடி. இந்தக் கறுப்பில் உணரி வெளிச்சம் கண்டால் அது திரையின் வெளிச்சம் அல்ல, பல்போ ஜன்னலோ. அந்தச் சூடு தவறு என்று கணக்கு. அடுத்த பிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம், மற்றதெல்லாம் கறுப்பு. இப்போது வெளிச்சம் தெரிந்தால் குறி சரி. இரண்டு வாத்துகள் பறந்தால் மூன்றாவது பிரேமில் இரண்டாவது வாத்தின் சதுரம். எந்தப் பிரேமில் வெளிச்சம் வந்தது என்பதே எந்த வாத்து என்பதற்கான விடை. மொத்தமும் 50 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். கண்ணுக்கு அது ஒரு சிமிட்டலாக மட்டுமே படும்.

இலக்குகள் கூடக்கூடப் பிரேம்களும் கூடும், சிமிட்டலும் கூடும். சதுரங்களை ஒவ்வொன்றாகக் காட்டாமல் இரும எண்போல, இந்த வாத்து முதல் பிரேமில் வெள்ளை, இரண்டில் கறுப்பு, மூன்றில் வெள்ளை என்று காட்டினால் மூன்று பிரேமில் ஏழு இலக்குகளைப் பிரித்துவிடலாம். மூன்றிலும் கறுப்பு என்பது 'எதுவும் படவில்லை' என்பதற்குப் போய்விடும். ஆனால் இரண்டு சதுரங்கள் அருகருகே இருந்து துப்பாக்கி இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் கணக்கு குழம்பி, மூன்றாவது வாத்து ஒன்று சம்பந்தமே இல்லாமல் விழும்.

துப்பாக்கியின் உள்ளே பார்க்க அதிகம் இல்லை. குழல் முனையில் பிளாஸ்டிக் லென்ஸ், அது குவிக்கும் ஒளியைப் பிடிக்கும் ஒளி உணரி, அதன் சிறு மின்துடிப்பைப் பெருக்கும் சுற்று, விசைக்கு ஒரு சுவிட்ச். வெளியே வரும் கேபிளில் வேலை செய்பவை நான்கு கம்பிகள்: 5 வோல்ட், தரை, ஒளிக்கு ஒன்று, விசைக்கு ஒன்று. துப்பாக்கி பெட்டிக்குச் சொல்லும் செய்தி மொத்தமே இரண்டு பிட்தான். எங்கே குறிவைக்கப்பட்டது என்பது துப்பாக்கிக்குத் தெரியவே தெரியாது.

பெருக்கிச் சுற்றில் ஒரு வடிகட்டியும் இருக்கிறது. இரண்டாவது பூட்டு அது. பிக்சர் டியூப் டிவியில் படம் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடி, தொட்ட இடத்தில் பாஸ்பர் பூச்சை ஒளிரவைத்துப் போகிறது. தொட்ட இடம் உடனே மங்கவும் தொடங்கிவிடும். நொடிக்கு 15,734 கோடுகள். ஆக, திரையின் ஒரு சிறு பகுதியை மட்டும் உற்றுப் பார்க்கும் உணரிக்கு அந்த வெளிச்சம் ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் துடிப்பதாகத் தெரியும். வடிகட்டி அந்தத் துடிப்பை மட்டும் உள்ளே விடுகிறது. வெயில் துடிக்காது, சாதாரண பல்பு மின்சாரத்தின் 100 அல்லது 120 ஹெர்ட்ஸில்தான் துடிக்கும். இரண்டும் வாசலிலேயே நின்றுவிடும்.

நம் ஊருக்கு 1990-களில் வந்த நின்டெண்டோ நகல் பெட்டிகளோடும் இந்தத் துப்பாக்கி வந்தது. இந்திய டிவியில் நொடிக்கு 50 பிரேம், இரண்டு பிரேம் சேர்ந்து 625 கோடு. கோடுகள் நொடிக்கு 15,625. அமெரிக்க எண்ணுக்கும் இதற்கும் ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை. ஆகவே இங்கும் துப்பாக்கி வேலை செய்தது. சில நகல் துப்பாக்கிகளில் செலவு மிச்சம் பிடிக்க வடிகட்டியை விட்டுவிட்டார்கள். டியூப் லைட் எரியும் அறையில் அப்படிப்பட்ட துப்பாக்கி எதைச் சுட்டாலும் தவறும். கறுப்புப் பிரேமிலேயே வெளிச்சம் தெரிந்துவிடுவதுதான் காரணம். விளக்கை அணைத்தால் சரியாகிவிட்டது என்றால் நோய் இதுவே.

அடுத்த தலைமுறைத் துப்பாக்கிகளுக்கு இந்தச் சிமிட்டல் விளையாட்டே தேவைப்படவில்லை. சேகாவின் லைட் ஃபேசர் (1986), நின்டெண்டோவின் சூப்பர் ஸ்கோப் (1992), நாம்கோவின் கன்கான் (1997) ஆகியவை கற்றை எப்போது கடந்து போகிறது என்று நேரம் பார்த்தன. படத்தின் தொடக்கத்தில் வரும் ஒத்திசைவுத் துடிப்பில் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். குறிவைத்த இடத்தைக் கற்றை தொட்டு உணரி சொடுக்கும்போது நிறுத்த வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க முறையில் ஒரு கோட்டுக்கு 63.5 மைக்ரோ விநாடி. படம் தொடங்கி 5,000 மைக்ரோ விநாடி கழித்துச் சொடுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். 78 கோடுகளுக்கு 4,953 போக மீதி 47. மேலே ஏறத்தாழ 20 கோடுகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆக, தெரியும் 240 கோட்டில் இது 59-வது, மேலிருந்து கால் பங்கு. கோட்டின் தொடக்கத்தில் 9.4 மைக்ரோ விநாடி படமில்லாத நேரம். அதைக் கழித்தால் 37.6. படம் ஓடும் நேரம் 52.6. எனவே இடப்பக்கத்தில் இருந்து 71 சதவீதம். எங்கே சுட்டார் என்று முழு விவரமும் வந்துவிட்டது, ஒரே ஒரு சொடுக்கில்.

இதில் துல்லியம் எவ்வளவு இறுக்கமானது என்றால், 20 அங்குல டிவியில் கற்றை ஒரு மைக்ரோ விநாடியில் ஏறக்குறைய 7.7 மில்லிமீட்டர் ஓடிவிடுகிறது. உணரி அவ்வளவு தாமதித்தால் குறி அவ்வளவு வலப்புறம் தள்ளிப் போகும். கன்கான் இதற்காக 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் எண்ணியது. ஒரு எண்ணிக்கை 125 நானோ விநாடி. ஒத்திசைவுத் துடிப்பை எடுக்க வீடியோ வயரிலேயே ஒரு கிளை போட்டுச் செருக வேண்டியிருந்தது அதனால்தான். தாமதம் எப்போதும் ஒரே அளவு என்பதால் கழித்துவிடலாம். ஆட்டம் தொடங்குமுன் 'நடுப்புள்ளியைச் சுடு' என்று கேட்பது அந்தக் கழித்தலுக்குத்தான்; அதைச் சோம்பலில் தாண்டிவிட்டு 'துப்பாக்கி சரியில்லை' என்பவர்கள் நிறையப் பேர். நாற்காலியை நகர்த்தினாலும் டிவியை மாற்றினாலும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கல்: இருட்டான காட்சியில் குறிவைத்தால் கற்றை கடந்து போனாலும் வெளிச்சம் இல்லை, சொடுக்கும் இல்லை. விசையை அழுத்தும்போது திரை ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிடுவது இதைச் சமாளிக்கத்தான்.

எல்லாத் துப்பாக்கி ஆட்டமும் ஒளித் துப்பாக்கி ஆட்டம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டைட்டோவின் 'ஆபரேஷன் வுல்ஃப்' (1987) பொறியில் மேசையோடு பிணைத்த துப்பாக்கிக்குக் கண்ணே கிடையாது. அது ஒரு ஜாய்ஸ்டிக். திருப்பும் அச்சுகளில், ரேடியோவில் ஒலி கூட்டும் குமிழில் இருப்பதைப் போன்ற மாறுமின்தடைகள் இருக்கும். தேய்மானத்தில் குறி ஒரு பக்கமாக விலகினால் அங்கேதான் பார்க்க வேண்டும், லென்ஸில் அல்ல.

பழைய துப்பாக்கி கையில் இருந்தால் பழுது பார்க்கும் வரிசை இது. முதலில் டிவியின் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றுங்கள். பாதிப் புகார் இங்கேயே முடியும், ஏனென்றால் வயதான பிக்சர் டியூப் மங்கலாகிவிடும். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று பாருங்கள். பிறகு லென்ஸ்: உலர்ந்த மெல்லிய துணி போதும், தின்னரோ அசிட்டோனோ பட்டால் பிளாஸ்டிக் பால்போல் வெளுத்துவிடும். திறக்க வேண்டி வந்தால் விசையின் ஸ்பிரிங் எகிறிக் குதிக்கும் என்பதால் ஒரு தட்டில் வைத்துத் திறந்து, மூடியை எடுத்த உடனே ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். திரை சிமிட்டவே இல்லை என்றால் விசை சுவிட்ச் அல்லது அதன் கம்பி. சிமிட்டுகிறது ஆனால் எதுவும் விழவில்லை என்றால் ஒளிப் பக்கம். கேபிள் பெரும்பாலும் கைப்பிடி அருகே, மடியும் இடத்தில்தான் அறுந்திருக்கும். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தால் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு எல்.இ.டி. டிவியில் போட்டால் ஒரு வாத்தும் விழாது. காரணம் ஒன்றல்ல. கோடு கோடாக ஓடும் கற்றை இல்லை. பிக்சல் அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கிறது. எனவே 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்பும் இல்லை, வடிகட்டி எதையும் உள்ளே விடாது. வடிகட்டியை எடுத்து எறிந்தாலும் பயனில்லை. டிவி படத்தை நினைவகத்தில் வாங்கிப் பெரிதாக்கிச் சீராக்கிக் காட்டுவதற்குள் பல மில்லி விநாடி ஓடிவிடும். வெள்ளைச் சதுரம் திரைக்கு வரும்போது ஆட்டம் தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். 100 ஹெர்ட்ஸ் பிக்சர் டியூப் டிவிகளும் இதே காரணத்தால் சேர்த்தி இல்லை, கண்ணாடிக் குழாய் இருந்தும்கூட.

நின்டெண்டோ துப்பாக்கியின் ஆரஞ்சு நிறத்துக்கு வேறு கதை. அமெரிக்காவில் வந்த துப்பாக்கி முதலில் சாம்பல் நிறம். 1987-ல் கலிபோர்னியாவில் அகச்சிவப்புத் துப்பாக்கியால் விளையாடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் ஒருவரை, கையில் இருப்பது நிஜத் துப்பாக்கி என்று நினைத்துக் காவலர் சுட்டுக் கொன்றார். பொம்மைத் துப்பாக்கிகள் பொம்மை என்று தெரியும்படி இருக்க வேண்டும் என்ற கூட்டரசு விதி 1989-ல் நடைமுறைக்கு வந்தது. நின்டெண்டோவின் துப்பாக்கியும் அந்த ஆண்டு நிறம் மாறியது.

பிக்சர் டியூப் போன பிறகு மிஞ்சிய வழி, திரையைப் பார்க்காமல் திரையின் பக்கத்தைப் பார்ப்பது. 2006-ல் வந்த நின்டெண்டோவின் 'வீ' பெட்டியின் ரிமோட் மூக்கில் அகச்சிவப்புக் கேமரா. டிவிக்கு மேலே வைக்கும் கம்பியின் இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள். அந்தக் கம்பியைச் 'சென்சார்' என்று பெயரிட்டு விற்றார்கள். அது எதையும் உணர்வதில்லை. இரண்டு மெழுகுவத்திகளைத் தள்ளி வைத்தாலும் அதே வேலை நடக்கும். இரண்டு புள்ளிகளின் குறை, டிவி எவ்வளவு பெரியது, நீங்கள் எந்தக் கோணத்தில் நிற்கிறீர்கள் என்று அவை சொல்லாது. குழலின் நேர்கோட்டில் கண்ணை வைத்துக் குறிபார்த்தால் சுட்டி வேறெங்கோ நிற்கும். நான்கு புள்ளிகள் இருந்தால் கேமராவில் தெரியும் நாற்கரம் சரிந்த விதத்தில் இருந்து நிற்கும் இடத்தைக் கணக்கிடலாம். இன்று ஆர்வலர்கள் பயன்படுத்தும் கன்4ஐஆர் என்ற துப்பாக்கி அமைப்பு அப்படித்தான் செய்கிறது. சிண்டன் துப்பாக்கி விளக்கே இல்லாமல், படத்தைச் சுற்றி வரையும் வெள்ளைச் சட்டத்தின் மூலைகளைக் கேமராவில் தேடுகிறது.

அகச்சிவப்பு விளக்கு வைக்கும்போது ஜன்னல் டிவிக்குப் பின்னால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம், கேமராவுக்கு ஐந்தாவது புள்ளி முளைத்துவிடும். பளபளப்பான மேசையும் விளக்கைத் தலைகீழாகப் பிரதிபலித்துக் கெடுக்கும். விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. கைபேசியின் செல்ஃபி கேமராவை அதன்முன் பிடித்தால், பெரும்பாலான கைபேசிகளில் வெளிர் ஊதாப் புள்ளியாகத் தெரியும்.