திட்டுக்குப் பறக்கும் குளிர்ச்சி

கொள்ளிடத்தில் வெள்ளம் வர உள்ளூரில் மழை பெய்ய வேண்டியதில்லை. கர்நாடகத்து மழையில் மேட்டூர் நிரம்பி உபரிநீர் இறங்கும்போது, மயிலாடுதுறைப் பக்கம் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். 2022 ஆகஸ்ட்டில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது இப்படித்தான். மனிதர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்துவிடலாம். மாடுகளை ஏற்றுவது அத்தனை சுலபமில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டால் அவையே மேடு தேடி நின்றுகொள்ளும். ஆபத்து அப்புறம்தான், நோயாக வருகிறது. தண்ணீர் சூழ்ந்த அந்த மேட்டுத் திட்டுக்கு மருந்தை டிரோனில் அனுப்பலாம் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

தொண்டை அடைப்பான் நோய்க்குக் காரணமான பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா, நல்ல மாட்டின் தொண்டையிலேயே அமைதியாகத் தங்கியிருக்கக்கூடியது. மாடு நனைந்து, பட்டினி கிடந்து, நெருக்கியடித்து நின்று களைத்ததும் அது பெருகத் தொடங்கும். கடும் காய்ச்சல், எச்சில் ஒழுகுதல், தொண்டை வீக்கம், மூச்சுத்திணறல் என்று வந்து, ஒன்றிரண்டு நாளில் மாடு செத்துவிடும். சில சமயம் சில மணி நேரம்தான். எருமைகளை இன்னும் கடுமையாகத் தாக்கும். சேற்று வயலில் உழைக்கப் பேர்போன உம்பளச்சேரி மாட்டுக்கும் இது வரும். காய்ச்சல் தொடங்கியதுமே ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு, தொண்டை வீங்கிய பிறகு மிகக் கஷ்டம். அந்தச் சில மணி நேரத்தை மீட்டுத் தருவதுதான் டிரோனின் வேலை.

2021 அக்டோபரில் மணிப்பூரில் இதைச் செய்து பார்த்தார்கள். லோக்தாக் ஏரியிலுள்ள காரங் தீவுக்குச் சாலை வழியே 26 கிலோமீட்டர். டிரோன் வான்வழியே 15 கிலோமீட்டரைக் கால் மணி நேரத்துக்குள் கடந்து கொரோனா தடுப்பூசியைச் சேர்த்தது.

மாட்டுக்கான தடுப்பூசியும் அப்படிப் போகலாம். ஒரு மாட்டுக்கு 5 மில்லி என்றே வைத்துக்கொண்டாலும் நூறு மாட்டுக்கு அரை லிட்டர்தான். சுமையில் பெரும்பங்கு பெட்டிக்கும் ஐஸுக்கும் போய்விடும். காரணம், தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடாக்கப் போதுமானது. உருகி முடியும்வரை அதன் வெப்பநிலையும் ஏறாது. வெயிலில் பறக்கும் சின்னப் பெட்டிக்குள் குளிரை நிறுத்திவைப்பது இந்த ஒரு குணம்தான்.

ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைத்தால் மருந்து உறைந்துவிடும். தடுப்பூசியில் சேர்த்திருக்கும் படிகாரப் பொருள் உறைந்தால் திரிந்து கட்டியாகும். எண்ணெய் கலந்த மருந்தானால் எண்ணெய் பிரிந்துபோகும். இரண்டுமே அதன்பின் வீண். அதனால் ஐஸ் பேக்கைச் சற்று நேரம் வெளியில் வைத்து, காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் சரி, பெட்டிக்குள் வைக்கலாம். இவ்வளவு எளிய சோதனைதான், ஆனால் இதைத் தவறவிட்டால் டிரோன் சுமந்து போவது வெறும் திரவத்தைத்தான்.

எந்த டிரோன்? நான்கு விசிறி வகை தன் எடை முழுவதையும் விசிறியாலேயே தூக்கி நிறுத்துவதால் பேட்டரி சீக்கிரம் தீரும். இறக்கை உள்ளதற்குக் காற்றே பாரத்தைத் தாங்கும், தூரம் போகும், ஆனால் இறங்க இடம் வேண்டும். திட்டில் அந்த இடம் ஏது? செங்குத்தாக எழும்பி இறக்கையில் பறக்கும் கலப்பு வகைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கொள்ளிட வெள்ளம் பெரும்பாலும் தெளிந்த வானத்தில் வருவது நமக்குக் கிடைத்த வசதி. கஜா மாதிரிப் புயல் என்றால் காற்று அடங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பு வலுப்பெற இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஆகவே மழைக்கு முந்தைய முகாமில் போட்டிருப்பதே நல்லது. வெள்ளத்தின்போது முதல் நடையில் ஆன்டிபயாடிக்கும், அடுத்த நடையில் விடுபட்ட மாடுகளுக்குத் தடுப்பூசியும் போகட்டும். ஊசி போட ஒரு கால்நடை ஆய்வாளர் முதல் படகிலேயே திட்டுக்குள் போயிருக்க வேண்டும்.

திரும்பும் டிரோன் வெறுமனே வர வேண்டியதில்லை. நோயுற்ற மாட்டின் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவைத்து அனுப்பலாம். இதற்கு ஐஸ் தேவையில்லை, எடையும் சில கிராம்தான். கரையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், முற்றிய நோயில் பாஸ்சுரெல்லா இரு முனையும் அடர்ந்து நடுவில் வெளிறி, சேஃப்டி பின் போலத் தெரியும். அடுத்த நடையில் என்ன மருந்து ஏற்றுவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.